அரசாங்கமே செய்யும் தொழில்நுட்பக் களவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனையில் உயர்தர மாணவர்களுக்குத் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிறேன், சொந்த ஊர் மருதமுனை. ஒரு நாள் வகுப்பில் ஜெட் எஞ்சினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது "இதச் சீனாக்காரன் களவெடுத்தானாமே சேர்" என்று ஒரு பிள்ளை தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து வகுப்பிலும் பெற்றோர் கூட்டத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அரசாங்கம் களவெடுக்கிற எண்டா என்ன சேர்? கம்பனிக்காரன் களவெடுக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கம்பனி இன்னொரு கம்பனியின் இரகசியத்தைக் களவாக வாங்கப் பார்ப்பது எங்கும் நடப்பது. 1982இல் யப்பானின் ஹிட்டாச்சி ஆட்கள் ஐபிஎம் கணினியின் இரகசியங்களைக் காசு கொடுத்து வாங்கப் போய், விற்கிறவர்கள் மாதிரி நடித்த எப்பிஐ (அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை) ஆட்களிடம் மாட்டினார்கள். கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது, தண்டம் கட்டியது, அவ்வளவுதான்.

அரசு பின்னால் நின்றால் கதை வேறு. உளவுத்துறையின் ஆளும் சம்பளமும் கருவியும் இறங்கும், எதை எடுக்க வேண்டும் என்ற பட்டியல் மேலிருந்து வரும், எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டினாலும் நம் அரசாங்கம் நம்மை ஒப்படைக்காது என்ற துணிவு இருக்கும். அமெரிக்காவில் 1996இல் வந்த பொருளாதார உளவுச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: வெளிநாட்டு அரசுக்காகச் செய்தால் 15 ஆண்டு வரை சிறை, வெறும் வியாபாரத்துக்காக என்றால் 10 ஆண்டு வரை. அரசுக்காகத்தான் செய்தார் என்று நீதிமன்றத்தில் காட்டுவது கஷ்டம் என்பதால், பத்திரிகையில் 'உளவு' என்று வரும் வழக்குகள் பல கடைசியில் சாதாரண வியாபாரக் களவாகவே முடிகின்றன.

பேட்டன்ட்ட வாசிச்சு அதே மாதிரிச் செஞ்சா அதுவும் களவா?

வாசிப்பது களவில்லை. பேட்டன்ட் என்பதே ஊருக்குச் சொல்லிவிட்டு எடுக்கும் உரிமைதான். எப்படிச் செய்வது என்று முழுசாக எழுதிக் கொடுத்தால், பெரும்பாலான நாடுகளில் 20 வருடம் மற்றவர்கள் செய்யாமல் சட்டம் காவல் நிற்கும். அதுவும் எடுத்த நாட்டுக்குள்தான் செல்லும். அமெரிக்காவில் மட்டும் பதிந்த ஒன்றை இங்கே செய்து இங்கேயே விற்றால் பேட்டன்ட் சட்டம் தடுக்காது. களவு போவது அனேகமாகப் பேட்டன்ட் எடுக்காமல் ஒளித்து வைத்திருக்கும் சங்கதி: கலவை அளவு, சூட்டின் அளவு, மென்பொருளின் மூலக்குறி (source code), தோற்றுப்போன பரிசோதனைகளின் பதிவு. இதற்குத்தான் தொழில் இரகசியம் என்று பெயர்.

வாப்பா கைத்தறிக்காரர். அவர் நெய்த சாரனை யாரும் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பாவில் எத்தனை இழைக்குப் பிறகு நிறம் மாறுகிறது என்று எண்ணி, அதே கட்டத்தைத் தங்கள் தறியில் போடலாம். போட்டும் இருக்கிறார்கள், வாப்பா கண்டுகொண்டதில்லை, அவரும் அப்படி எண்ணியவர்தான். ஆனால் சாயம் காய்ச்சும் நாளில் கொட்டில் கதவைச் சாத்திவிடுவார். அளவு எழுதின துண்டு சட்டைப் பையில் இருக்கும், உம்மாவிடம்கூடக் கொடுக்க மாட்டார். சாரனைப் பார்த்து எண்ணுவது ஒன்று, அந்தத் துண்டைக் கிளப்புவது இன்னொன்று. இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது அந்தத் துண்டைப் பற்றி.

இதெல்லாம் சீனா தொடங்கின வேலைதானே?

சீனா களவு கொடுத்த காலம்தான் நீளம். பட்டுப்புழு முட்டையை ஒளித்துக் கொண்டுவந்து பைசாந்தியப் பேரரசன் யஸ்டினியனிடம் கொடுத்தவர்கள் துறவிகள், அது 6ஆம் நூற்றாண்டு. 1712இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஜிங்தெசென் ஊரில் பீங்கான் எப்படிச் சுடுகிறார்கள் என்று பார்த்து விவரமாகக் கடிதம் எழுதி அனுப்பினார். 1848இல் ரொபர்ட் போர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளத்தில், சீனர் போல உடுத்துக்கொண்டு தேயிலை விளையும் மலைகளுக்குள் போய்ச் செடியும் விதையும் எடுத்தார். இலை பதப்படுத்தத் தெரிந்த தொழிலாளிகளையும் இந்தியாவுக்குக் கூட்டிப்போனார். அந்தத் தொழிலாளிகளைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

றப்பரும் அப்படித்தான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து 70,000 விதையளவில் லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 1,900 கப்பலேறி வந்த இடம் எங்கே தெரியுமா, நம் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடை. அந்த நேரம் விதை ஏற்றுமதிக்குப் பிரேசிலில் தடைச்சட்டம் இல்லாததால் சட்டப்படி களவென்று சொல்ல முடியாது, பிரேசில்காரர் இன்றைக்கும் களவென்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் துணி ஆலைத் தொழிலே 1789இல் பிரித்தானியாவிலிருந்து நூல் நூற்கும் இயந்திரத்தின் அமைப்பை மனப்பாடம் செய்துகொண்டு கப்பலேறிய சாமுவேல் சிலேட்டர் என்ற தொழிலாளியோடு தொடங்கியது. அப்படிப்பட்ட தொழிலாளிகள் நாட்டை விட்டுப் போவதற்குப் பிரித்தானியாவில் தடை இருந்தது, அதனால்தான் கையில் ஒரு தாளும் இல்லாமல் போனார்.

அப்ப எல்லாரும் கள்ளன் எண்டா சீனாவ மட்டும் ஏன் பேசுறாங்க?

அளவு. 2013 பெப்ரவரியில் மண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஷங்ஹாய் நகரின் புடொங் பகுதியிலுள்ள ஒரு கட்டடத்தைக் காட்டி, சீன இராணுவத்தின் 61398ஆம் பிரிவு இங்கிருந்துதான் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குள் புகுந்தது என்று அறிக்கை விட்டது. அடுத்த வருடம் மே மாதம் அந்தப் பிரிவின் ஐந்து பேர் மேல் அமெரிக்கா குற்றப்பத்திரம் போட்டது. அணு உலை செய்யும் வெஸ்டிங்ஹவுஸ், யூஎஸ் ஸ்டீல், அல்கோவா எல்லாம் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில். சீனா மறுத்தது. 2015 செப்டெம்பரில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் வியாபார இலாபத்துக்காக இணையக் களவு செய்ய மாட்டோம் என்று கைகொடுத்தார்கள். கொஞ்சக் காலம் குறைந்தது, பிறகு பழையபடி என்று அமெரிக்கா சொல்கிறது.

அமெரிக்கா சுத்தமா என்றால் இல்லை. பிரேசிலின் அரச எண்ணெய்க் கம்பனி பெட்ரோபிராஸை அவர்கள் ஒட்டுக்கேட்டது 2013இல், அமெரிக்க உளவுத்துறையின் இரகசியங்களை வெளியே கொண்டுவந்த ஸ்னோடனின் ஆவணங்களில் வெளிவந்தது. நாங்கள் உளவு பார்ப்போம், ஆனால் எடுத்ததை எங்கள் கம்பனிகளுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்களின் நியாயம். அந்த வித்தியாசத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் மற்றவர்களின் கண்டுபிடிப்பால் ஏற்கனவே முன்னுக்கு வந்துவிட்டவருக்குத்தான் அந்த வித்தியாசம் வசதியானது, அதையும் சொல்ல வேண்டும்.

எப்படி எடுக்கிற? ஹெக் பண்ணித்தானே?

எல்லாரும் கணினியைத்தான் நினைக்கிறார்கள். நான் வாசித்த வழக்குகளில் பெரும்பாலானவற்றின் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார், ஏற்கனவே சாவி வைத்திருக்கும் ஆள். ஏஎம்எஸ்சி என்ற அமெரிக்கக் கம்பனி காற்றாலைகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் செய்தது. அதன் பெரிய வாடிக்கையாளர் சீனாவின் சினோவெல். 2011இல் சினோவெல் திடீரென்று சரக்கை எடுக்க மாட்டோம் என்றது. ஏனென்று துருவிப் பார்த்தால், ஏஎம்எஸ்சியின் ஒஸ்ரியக் கிளையில் வேலை செய்த பொறியியலாளர் ஒருவர், நல்ல வேலையும் காசும் தருவதாகச் சொன்னதற்கு மயங்கி, மூலக்குறியை இணையத்தில் அனுப்பியிருக்கிறார். உள்ளே வைத்திருந்த கடவுச்சொல்லே போதுமாக இருந்தது, பூட்டு உடைக்கத் தேவையே வரவில்லை. பங்குகளின் பெறுமதியில் 100 கோடி டொலருக்கு மேல் கரைந்தது, ஏறக்குறைய 700 பேருக்கு வேலை போனது. 2018இல் சினோவெல் குற்றவாளி என்று அமெரிக்க நடுவர் குழு சொன்னது.

இன்னொன்று இன்னும் நயமானது. சீன அரச பாதுகாப்பு அமைச்சின் அதிகாரி ஷு யான்ஜுன், அமெரிக்காவின் ஜிஈ கம்பனியுடைய விமான எஞ்சின் பிரிவின் பொறியியலாளர் ஒருவரை 2017இல் நான்ஜிங் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரை செய்ய அழைத்தார். அழைத்தது வேறு பெயரில், ஒரு விஞ்ஞான சங்கத்தின் ஆள் மாதிரி. டிக்கெட்டும் செலவும் அவர்களே. பிறகு மெல்ல மெல்லக் கேள்விகள். கடைசியில், உன் மடிக்கணினியில் என்னென்ன கோப்பு இருக்கிறது, பட்டியலை மட்டும் அனுப்பு என்றார். அதற்குள் எப்பிஐ அந்தப் பொறியியலாளரோடு பேசிவிட்டது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தில் சந்திக்க வரவழைத்துப் பிடித்தார்கள். 2022 நவம்பரில் 20 ஆண்டுத் தண்டனை, 2024 நவம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் ஊர் திரும்பினார். ஒரு சாதாரண விரிவுரை அழைப்பு எங்கே கொண்டுபோகிறது பாருங்கள்.

அமெரிக்காவில சோளம் களவெடுத்தாங்களாம். நம்மட நெல்லையும் ஆரும் அப்படி எடுப்பாங்களா? (சம்மாந்துறைப் போடியார், அதாவது பெரிய வயல்காரர் ஒருவர் கேட்டது)

சோளக் கதை உண்மை. 2011இல் ஐயோவா மாநிலத்தில் விதைக் கம்பனியின் பரிசோதனை வயலில் ஒரு ஆள் முழங்காலில் நின்று தோண்டிக்கொண்டிருந்ததை வயல் மேலாளர் கண்டார். அங்கே பிடித்த நூல் கடைசியில் ஒரு குழுவையே காட்டிக் கொடுத்தது. விதையை மைக்ரோவேவ் பொப்கோன் பெட்டிக்குள் வைத்துக் கடத்தப் பார்த்தார்கள். மோ ஹைலொங் என்பவருக்கு 2016இல் மூன்று ஆண்டுச் சிறை. அரசுக்காகச் செய்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் வைக்கப்படவில்லை, முதல் பதிலில் சொன்ன அந்தக் கஷ்டத்தை நினைவில் வையுங்கள்.

ஏன் தோண்ட வேண்டும், கடையில் ஒரு பை விதை வாங்கினால் போதாதா? போதாது. கடையில் இருப்பது கலப்பினம்; அதை விளைவித்து மறுபோகம் போட்டால் பயிர் ஒரே மாதிரி வராது. உண்மையான சொத்து அதன் தாய் தந்தை வரிசைகள், அவை கம்பனியின் வயலை விட்டு வெளியே வருவதில்லை. நெல் அப்படியில்லை, தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும், விதைநெல்லைக் கட்டிவைத்தால் அதே நெல் வரும். நீங்கள் விதைக்கும் பிஜி 352 பத்தலகொடையில் அரசாங்கம் உருவாக்கி எல்லாருக்கும் கொடுத்த இனம். ஆகவே போடியார் பயமில்லாமல் தூங்கலாம்.

கிபிர் விமானமும் களவெடுத்த பிளான்லதான் செஞ்ச எண்டு சொல்றாங்களே?

கிபிர் என்பது போர்க்காலத்தில் இலங்கை விமானப்படை குண்டு போட்ட இஸ்ரேலிய விமானம். எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தலை தானாகக் குனியும், அதனால்தான் போலும் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. பாதி உண்மை. அரபு நாடுகளோடு நடந்த 1967 போரோடு பிரான்ஸ் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்தியது. காசு கட்டிய 50 மிராஜ் விமானங்களும் போய்ச் சேரவில்லை. அந்த நேரம் சுவிற்சர்லாந்தில் சுல்சர் கம்பனி மிராஜ் எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த பொறியியலாளர் அல்பிரட் பிரவுன்கினெக்ட், எரிக்க வேண்டிய வரைபடங்களுக்குப் பதில் வேறு தாள்களை எரித்துவிட்டு, அசலைப் பெட்டி பெட்டியாக இஸ்ரேலுக்கு அனுப்பினார். 1969இல் பிடிபட்டார், 1971இல் நாலரை ஆண்டுச் சிறை.

ஆனால் அந்த வரைபடங்கள் பெரும்பாலும் எஞ்சினுக்கானவை. கிபிரின் உடல் மிராஜ் வம்சம்தான் என்றாலும், அதற்குள் இருப்பது அமெரிக்காவின் ஜே79 எஞ்சின். 1996இல் இலங்கை வாங்கியது இதைத்தான். இடையில் வந்த நெஷர் என்ற விமானத்துக்கு அந்தக் களவு உதவியிருக்கலாம்; அதற்கும் பிரெஞ்சுக் கம்பனியே கமுக்கமாக உதவியது என்று சொல்பவர்கள் உண்டு.

பிளான் கைக்கு வந்தா அப்படியே செஞ்சிரலாமா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 1944இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று விளாடிவொஸ்டொக்கில் அவசரமாக இறங்கின. ஸ்டாலின் அவற்றைத் திருப்பிக் கொடுக்காமல், ஒன்றை ஆணி ஆணியாகக் கழற்றி அப்படியே செய்யச் சொன்னார். பிளான் என்ன, பொருளே கையில். ஆனால் அமெரிக்கத் தகடு அங்குலக் கணக்கில் உருட்டியது, பதினாறில் ஒரு அங்குலம் என்றால் 1.5875 மில்லிமீற்றர். சோவியத் ஆலையில் அப்படியொரு தகடு கிடையாது. தடிப்பாய்ப் போட்டால் பாரம் ஏறும், மெல்லிசாய்ப் போட்டால் பலம் குறையும். ஒவ்வொரு துண்டுக்கும் திரும்பக் கணக்குப் பார்த்தார்கள். ரியூ-4 என்று அது 1947இல் பறந்தது, அதற்குள் ஒரு நாட்டின் தகட்டுத் தொழிலும் கம்பித் தொழிலும் ரேடியோத் தொழிலும் புதிதாய் எழும்ப வேண்டியிருந்தது.

போர்ச்சூன் தேயிலைத் தொழிலாளிகளைக் கூட்டிப்போனதும் இதனால்தான். வாப்பாவின் சாயத் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒருமுறை அந்த அளவிலேயே காய்ச்சிப் பார்த்தேன், நிறம் பிடித்தது, முதல் கழுவலில் போய்விட்டது. தண்ணீர் எந்தப் பதத்தில் நூலைப் போட வேண்டும் என்பதை அவர் எழுதவில்லை, விரலை விட்டுப் பார்ப்பார்.

களவெடுக்கிறவனுக்குப் பிழையானதக் குடுத்து ஏமாத்தலாமே?

செய்தார்கள். சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த விளாதிமிர் வெத்ரொவ் என்ற அதிகாரி 1981, 82இல் ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் பிரான்சுக்குக் கொடுத்தார். மொஸ்கோ மேற்கில் எதையெதை வாங்கவும் எடுக்கவும் பார்க்கிறது என்ற பட்டியலே அதற்குள் இருந்தது. பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரோன் 1981 ஜூலையில் ஒட்டாவா மாநாட்டில் அமெரிக்க ஜனாதிபதி ரேகனிடம் இதைச் சொன்னார். பட்டியல் கைக்கு வந்ததும் சிஐஏ பழுதான வடிவமைப்புகளையும் பாகங்களையும் அந்த வழியிலேயே போகவிட்டது. சைபீரியாவில் எரிவாயுக் குழாய் வெடித்ததும் இதனால்தான் என்று ஒரு கதை உலாவுகிறது, அதற்குச் சான்று பலமில்லை.

பாகிஸ்தான்ட அணுகுண்டும் களவா? அதுல நம்ம நாட்டு ஆளும் இரிந்ததாமே?

பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.கியூ. கான் 1972இலிருந்து நெதர்லாந்தில் யுரேனியம் செறிவூட்டும் (அணுகுண்டுக்கும் இதுதான் வேண்டும்) இயந்திரங்களோடு தொடர்புடைய நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். ஜேர்மன் ஆவணங்களை மொழிபெயர்க்கக்கூட அவரிடம் கொடுத்தார்கள். 1975 இறுதியில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. 1983இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவர் இல்லாமலே தண்டித்தது. அழைப்பாணை ஒழுங்காகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்று 1985இல் அது இரத்தானது. 1998 மே மாதம் பாகிஸ்தான் குண்டைச் சோதித்தது.

பிறகு கான் எடுத்ததை மற்ற நாடுகளுக்கு விற்றார். அந்த வலையில் டுபாயிலும் மலேசியாவிலும் தொழில் நடத்திய இலங்கையர் ஒருவர் முக்கிய இடைத்தரகர் என்று 2004இல் அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷே பெயர் சொல்லிப் பேசினார். மலேசியாவில் செய்த பாகங்கள் 2003 ஒக்டோபரில் லிபியாவுக்குப் போகும் கப்பலில் பிடிபட்டன.

வேம்ப அவங்க பேட்டன்ட் எடுத்தது களவில்லையா? அத ஆரும் கேக்கலயே?

கேட்டார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களமும் கிரேஸ் என்ற கம்பனியும் சேர்ந்து வேப்பெண்ணெயில் பூஞ்சணத்துக்கு மருந்து என்று ஐரோப்பாவில் பேட்டன்ட் எடுத்தன. இந்தியத் தரப்பினர் எதிர்த்து 2000இல் அது இரத்தானது, மேன்முறையீடும் 2005இல் தள்ளுபடி. மஞ்சளுக்கு எடுத்த அமெரிக்கப் பேட்டன்டும் 1997இல் போனது. இது இரகசியத்தை எடுப்பதல்ல, எல்லாருக்கும் தெரிந்ததைத் தன்னுடையது என்று எழுதிக்கொள்வது. இரண்டாம் பதிலின்படி இன்னொரு பெட்டிக்குள் போகும், ஆனால் கோபம் நியாயமானதே.

கூட்டுத் தொழில் போட்டாத்தான் உள்ளுக்கு விடுவம் எண்டு சீனா சொல்லுது. அது?

அது பேரம். சீனாவின் வேகரயில் யப்பானிய, ஜேர்மன் கம்பனிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொழில்நுட்பத்தில் தொடங்கியது. கழுத்தைப் பிடித்து வாங்கினார்கள் என்று பிறகு அழலாம், களவு என்று சொல்ல முடியாது.

அப்ப வெளிநாட்டில இரிக்கிற சீன விஞ்ஞானி எல்லாரையும் சந்தேகப்படுறது சரிதானே?

அமெரிக்கா செய்து பார்த்தது. 2018இல் நீதித் திணைக்களம் சீனாவுக்காகக் களவெடுப்பவர்களைத் தேடிப் பிடிக்க 'சீன முன்னெடுப்பு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார். ஒரு வருடம் கழித்து வழக்கையே வாபஸ் வாங்கினார்கள். இப்படிப் பல வழக்குகள் களவு பற்றியதே அல்ல, உதவித்தொகைப் படிவத்தில் எதை எழுதினார், எழுதவில்லை என்பதைப் பற்றியவை. 2022 பெப்ரவரியில் அந்தத் திட்டத்தை மூடினார்கள். பெயரையும் ஊரையும் பார்த்துச் சந்தேகப்படுவது எப்படியிருக்கும் என்று மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்கள்தானே நாமெல்லாம்.

இதுக்கு உலக நீதிமன்றம், சட்டம் ஒண்டும் இல்லையா?

உளவையே தடுக்கும் பொது ஒப்பந்தம் ஒன்று நாடுகளுக்கிடையில் இல்லை. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கை வெளிப்படுத்தாத தகவலை உறுப்பு நாடுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது, ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் செய்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அது உண்டு. கணினிக்குள் புகுவதற்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். ஆனால் கள்ளன் வேறு நாட்டில், அந்த நாட்டு அரசாங்கத்தின் சீருடையில் இருந்தால் யார் போய்ப் பிடிப்பது? மேலே சொன்ன 61398ஆம் பிரிவின் ஐந்து பேரும் அமெரிக்க நீதிமன்றத்தில் ஏறவே இல்லை.

என்ட மகன் வெளிநாட்டில பொறியியல் படிக்கப் போறான் சேர். பயப்பட வேணுமா?

பயப்படத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் சேரும்போது கையெழுத்து வாங்கும் தாளை வாசித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், எது வெளியே சொல்லலாம் எது கூடாது என்று அதில்தான் இருக்கும். வேறு எங்காவது காசோ பதவியோ வாங்கினால் படிவத்தில் மறைக்காமல் எழுதட்டும், முன்பு சொன்ன பேராசிரியர்கள் சிக்கியது அந்த இடத்தில்தான். முன்பின் தெரியாத சங்கம் ஒன்று டிக்கெட்டும் ஹோட்டலும் தந்து விரிவுரைக்குக் கூப்பிட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டே பதில் போடட்டும். போவதென்றாலும் வேலை செய்யும் மடிக்கணினியைத் தன் இருப்பிடத்திலேயே வைத்துவிட்டு வெறும் ஒன்றைக் கொண்டு போகட்டும்.